மார்டள்ளி அக்காவின் மறுப்பு

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்ற பேர எதுக்கு புள்ள போட்டே?" என்று கேட்பாள். எழுதாமல் விட்டால், "ஏன், என்ற பேருக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்பாள். எதைச் செய்தாலும் மறுப்பு உண்டு என்பதால் எனக்கு வேலை குறைகிற வழியைத் தேர்ந்தெடுத்தேன். மைசூரில் நான் எம்.ஏ. ஜெர்மன் படித்த இரண்டு வருடமும் வகுப்பில் எல்லாருக்கும் அவள் மார்டள்ளி அக்கா. மார்டள்ளி அவள் ஊர், கொள்ளேகாலத்துக்கு அப்பால் மலையோரத்தில் தமிழ் பேசுகிற கிராமம். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

முதல் நாளே அவளைக் கண்டுகொண்டோம். பேராசிரியை ஒரு ஜெர்மன் பத்திரிகைக் கட்டுரையை எல்லாருக்கும் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று யாரோ எழுதியிருந்தது. படித்துவிட்டு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். பதினொரு பேர் இருந்தோம். முதல் ஒன்பது பேரும் கட்டுரையாசிரியர் சொல்வது மிகவும் சரி என்று வெவ்வேறு அழகான ஜெர்மன் வாக்கியங்களில் சொன்னார்கள். பத்தாவதாக ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், "நைன்" என்றது. ஜெர்மன் மொழியில் 'இல்லை'.

பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அக்கா நாலு நிமிடம் பேசினாள். இலக்கணப் பிழைகள் ஏகத்துக்கும் இருந்தன. ஆனால் அவள் பேசியது, தேவராஜ மார்க்கெட்டில் ஒருத்தி நின்று வெண்டைக்காய்க்கு விலை பேசுகிற மாதிரி உயிரோடு இருந்தது. வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் படிக்காத பெற்றோருக்குப் பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியாமல் போய்விடும், எழுதினவருக்கு அப்படிப்பட்ட வீடு தெரியாது என்றாள். அடுத்து என் முறை. நான் எழுந்து, கட்டுரையாசிரியர் சொல்வதும் சரி, அக்கா சொல்வதும் சரி என்றேன்.

என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் வளர்ந்தது அப்படி. மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பதில் 'பரவாயில்லை' என்ற சொல்தான் புழக்கத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டால், ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய என் அப்பா அவரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டுவிட்டு, ஸ்கூட்டரைச் சுவரில் உரசி உரசி வெளியே எடுப்பார். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை. வகுப்பிலிருந்த மற்ற மைசூர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

அக்காவின் ஜெர்மன் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. கோகுலம் பக்கத்தில், யோகா கற்றுக்கொள்ள வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விருந்தினர் விடுதியில் ஏழு வருடமாக வேலை பார்த்தாள். காலையிலும் மாலையிலும் அங்கே வேலை, நடுவில் எங்களோடு வகுப்பு, மொட்டைமாடியை ஒட்டி ஓர் அறையில் குடித்தனம். பி.ஏ.யில் ஏதோ ஒரு பாடம் எடுக்க வேண்டுமே என்று ஜெர்மன் எடுத்தவள், விடுதிக்கு வந்த ஜெர்மன்காரர்களோடு வாக்குவாதம் செய்து செய்தே மிச்சத்தைக் கற்றுக்கொண்டாள்.

ஒரு முறை அங்கே தங்கியிருந்த ஒரு ஜெர்மன் அம்மாள், விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கி போடுகிறார்கள், போய் நிறுத்தச் சொல் என்று அக்காவிடம் கேட்டாளாம். அக்கா நைன் என்றாள். "யோகாவுக்குன்னு நாலு மணிக்கே எந்திரிச்சுக் குந்திக்கிற ஆளுக்கு அஞ்சு மணிப் பாட்டுல என்ன கெடுதல்னு கேட்டேன். அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, நீ சொல்றது நாயந்தான்னு சிரிச்சுப்போட்டாங்க" என்றாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் வருடா வருடம் அக்காவுக்கென்று சாக்லேட் பெட்டியோடு வந்து இறங்கினாள். அதில் பாதி எங்கள் வகுப்புக்கு வந்தது.

"அவீங்க மூஞ்சிக்கு நேரா சண்ட போட்டுட்டு, ஒண்ணா குந்திக் காப்பி குடிப்பாங்க. நம்மாளுங்க சிரிச்சுட்டே போயி, ரெண்டு வருசம் பேசமாட்டாங்க" என்பாள்.

அவளைச் சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. தனக்குச் சரியென்று படாததைச் சரியென்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது, அவ்வளவுதான். பேராசிரியையோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு, மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து அவருக்கே முதல் கரண்டி அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்து வைப்பாள். எங்கிருந்து வந்தது உங்களுக்கு இந்தப் பழக்கம் என்று கேட்டேன். "எங்கூட்ல பொறந்தது ஆறு பேரு. மறுத்துப் பேசலீன்னா கடைசித் தோசை ஆருக்குக் கெடைக்கும்?" என்றாள்.

அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா புளியோதரை செய்திருந்தாள். எங்கள் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அந்தப் புளியோதரையைப் பற்றி ஐந்து நிமிடம் பாராட்டிப் பேசுவது வழக்கம். அம்மாவும் வழக்கப்படி, "எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் பாராட்டுக்காக நின்றாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க" என்றாள் அக்கா. "எண்ணெ நல்லா எறங்கியிருக்குது."

அம்மா சிரித்தாள். சிரிப்பு சமையலறைவரைகூடப் போகவில்லை. அதற்குள் அப்பா, தான் சர்வீஸில் இருந்த காலத்தில் ரயில்கள் எப்படி நேரத்துக்கு ஓடின என்று தொடங்கினார். எனக்கு மனப்பாடமான கதை. 'ஹூம்' போட வேண்டிய இடங்கள்கூடத் தெரியும்.

"எங்க கொள்ளேகாலத்துக்கு இன்னும் ரயிலே வரலீங்க" என்றாள் அக்கா. "வராத ரயிலு நேரத்துக்கு வந்தா என்ன, வராட்டி என்னங்க?"

அப்பா நாற்காலியை அக்கா பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வாக்குவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. மலை, வனம், நிலம் கையகப்படுத்துவது, பட்ஜெட் என்று எங்கெங்கோ போனார்கள். மார்டள்ளியில் விளைகிற மஞ்சளும் மக்காச்சோளமும் லாரியில் போகிற கதையெல்லாம் வந்தது. அவள் கிளம்பின பிறகு அப்பா முகம் பளபளவென்று இருந்தது. "ரிடையர் ஆனதிலேர்ந்து ஒருத்தராவது என்னை எதுத்துப் பேசினீங்களா? ரெண்டு பேரும் ஹூம் போட்டே கொன்னுட்டீங்க" என்றார்.

அம்மா மட்டும் ஒரு வாரம், "சும்னே உப்பு கம்மின்னுட்டாளே கணே" என்று எங்கள் வீட்டுக் கன்னடம் கலந்த தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை புளியோதரையில் உப்பு கூடியிருந்தது.

இனி என் கதைக்கு வர வேண்டும். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. உயர்நிலை வாய்மொழித் தேர்வில் தேறிய சான்றிதழை அனுப்பினால்தான் அது உறுதியாகும். அந்தத் தேர்வை இரண்டிரண்டு பேராகத்தான் எழுத, இல்லை, பேச முடியும். கொடுக்கிற தலைப்பில் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு மற்றவர் கேள்வி கேட்க, இருவரும் விவாதிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வரும் இரண்டு தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள்.

முதல் முறை நான் தோற்றேன். தோற்ற விதத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. என்னோடு ஜோடி சேர்ந்தவள் குவெம்புநகர்ப் பெண், என்னைவிடப் பதவிசானவள். நான் கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றேன். அவள் நீங்கள் சொல்வது மிகச் சரி என்றாள். நான் நன்றி என்றேன். மேலே நீங்கள் சொல்லுங்கள் என்றாள். இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்றேன். இல்லை இல்லை, முதலில் நீங்கள். பந்தியில் கடைசி ஜாங்கிரியை ஒருவர் இலைக்கு ஒருவர் தள்ளுகிற மாதிரி பேச்சை மாற்றி மாற்றித் தள்ளினோம். இரண்டாவது நிமிடத்தில் இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். 'மிக நல்ல உச்சரிப்பு. உரையாடலே நிகழவில்லை' என்று தேர்வாளர் எழுதியிருந்தார்.

மறுதேர்வுக்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. இந்த முறை ஏமாறக்கூடாது என்று எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜோடிகள் கேன்டீனில் உட்கார்ந்து, எந்தத் தலைப்பு வந்தாலும் ஒட்டவைக்கிற மாதிரி விவாதத்தையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துகொள்வது. மூன்றாவது நிமிடத்தில் நீ என்னை மென்மையாக மறுப்பாய், நான் அதை மென்மையாக ஏற்பேன். யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஜோடிப் பட்டியல் ஒட்டினார்கள். முதல் தேர்வின்போது ஊரில் மஞ்சள் அறுவடைக்குப் போய்விட்டதால் அக்காவும் இந்த முறைதான் தேர்வுக்கு வருகிறாள். என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. தோழிகள் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

நான் நோட்டோடு போய் நின்றேன். "அக்கா, ஸ்வல்பம் பிராக்டிஸ் பண்ணிக்கலாமா? நீங்க என்ன கேப்பீங்கன்னு சொல்லிட்டா நான் எழுதி வெச்சுக்குவேன்."

"நீ என்ன சொல்றேன்னு தெரியாம நான் எப்படி புள்ள கேக்கறது?"

"அக்கா, இது என் வாழ்க்கை."

"அதுக்குத்தான் சொல்றேன்." டிபன் பாக்ஸை மூடினாள். "அது கெடக்குது. நீ போறதுக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"என் இஷ்டம்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டைப் பிரித்து மூன்று தரம் மடித்தாள். அதைச் சொன்னேன். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவள் மறுப்புச் சொல்லாமல் விட்டது எனக்கு அதிசயமாக இருந்தது. ஆனால் தேர்வுப் பயத்தில் அதை யோசிக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அந்தத் துண்டுதான் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே பெண். நான் போகலாமா கூடாதா என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேர்வு நாளன்று என் கைக்கு வந்த சீட்டில் இருந்த தலைப்பு: பெற்றோருக்கு வயதாகும்போது பிள்ளைகள் தொலைவில் போய் வாழலாமா?

என்ன பேசினேன் என்று கேட்க வேண்டாம். சிலர் வாழலாம் என்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள், இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று ஐந்து நிமிடத்தை ஓட்டினேன். உச்சரிப்பு மிக நன்றாக இருந்தது. தேர்வாளர்களில் ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைன்" என்றாள் அக்கா.

மரத்தைப் பார்த்தவர் திரும்பினார்.

"இவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இவள் நினைப்பது இல்லை" என்று ஜெர்மனில் நிதானமாகத் தொடங்கினாள். "இவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். இவளுடைய அம்மாவால் இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏற முடியாது. இவளோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். தொலைதூரம் போகிற பிள்ளைகள் எல்லாரும் தங்களுக்காகத்தான் போகிறார்கள். பெற்றோருக்குப் பெருமை என்பதெல்லாம் சாக்கு. அம்மா படி ஏறுவதைக்கூட இவள் கவனித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்."

காதெல்லாம் சுட்டது. எங்கள் வீட்டுப் புளியோதரையைத் தின்றுவிட்டு, இரண்டு அந்நியர்கள் முன்னால் என் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசுகிறாள்!

"நைன்" என்றேன். வாழ்க்கையில் ஒருவர் முகத்துக்கு நேராக நான் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். அது ஜெர்மன் மொழியில் வந்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை. அந்தக் கைப்பிடியைப் போடச் சொன்னதே நான்தான், தச்சரைக் கூட்டி வந்ததும் நான்தான், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். என் அம்மாவுக்கு டில்லியில் படிக்க இடம் கிடைத்தும், பெண் பிள்ளை கண்ணெதிரில் இருக்கட்டும் என்று தாத்தா நிறுத்திவிட்டார், அந்தக் கடிதத்தை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள் என்றேன். நான் போவது எனக்காகத்தான், ஆமாம், அதில் என்ன குற்றம் என்றேன். பக்கத்திலேயே இருந்துகொண்டு மனசில் இருப்பதைச் சொல்லாமல் துணி மடிப்பதுதான் பாசமா என்றேன். இலக்கணம் எங்கே விழுந்தது, எங்கே எழுந்தது என்று தெரியாது. அக்கா விடாமல் குறுக்கே கேட்டாள். நான் விடாமல் பதில் சொன்னேன். நேரம் முடிந்தது என்று தேர்வாளர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து அக்காவின் தலைப்பு, சுற்றுலா ஓர் ஊருக்கு நல்லதா என்பது. அவள் நல்லது என்றாள். நைன் என்றேன். பாதியில் அவள் சில விஷயங்களில் கெட்டதுதான் என்று இறங்கி வந்தாள். அதற்கும் நைன் என்றேன். மரம் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்ததும் அக்கா, "காப்பி குடிக்கலாமா புள்ள?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"செரி" என்றாள். அவள் எனக்குச் சட்டென்று சரி சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டியை எடுத்துக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிப் பக்கமாக அழுதுகொண்டே ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவளை இனி இந்த வீட்டுக்குள் விடாதே என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவளா அப்படிச் சொன்னா? போன செவ்வாக்கிழமை நீ லைப்ரரி போயிருந்தப்போ இங்க வந்திருந்தா கணே. இதே சமையக்கட்டுல உக்காந்து ரெண்டு மணி நேரம் என்னோட ஜகளம், ஒரே சண்டை."

"எதுக்கு?"

"உங்க பொண்ணு போறது உங்களுக்கு வேணுமா வேண்டாமா, இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்கன்னா. நான் அழுதுட்டேன். வேண்டாம்னுதான் இருக்குன்னேன். அவ விடல. நீங்க அன்னைக்கு டில்லி போகாம இருந்தீங்களே, அதனால உங்கப்பா கடைசிவரை உங்க கூடவேவா இருந்தார், நீங்க அவர் கூடவேவா இருந்தீங்கன்னு கேட்டா. அவளை அனுப்பியே ஆகணும்னா. நான் ஒண்ணு சொன்னா அவ பத்து சொல்றா." அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில சரின்னேன். என்கிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட வாயத் தெறந்து சொல்லுங்கன்னா. நான்தான் இத்தனை நாள் சொல்லல."

"இப்போ சொல்லும்மா."

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ரொம்பவே இருக்கும்." அடுப்பை அணைத்தாள். "ஆனா போ. நீ போகணும்."

இருவரும் அழுதோம். கூடத்திலிருந்து அப்பா, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், என்னை யாரும் கேக்கல" என்று குரல் கொடுத்தார்.

தனக்குச் சரியென்று படாததை ஒருபோதும் சொல்லாதவள், அன்றைக்கு முழுதாகப் பத்து நிமிடம், தான் நம்பாததை எல்லாம் ஒன்றுவிடாமல் எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தால்தான் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை விடுதிக்கு ஓடினேன். மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய புளியோதரை டப்பாவை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு வாய் போட்டாள்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள்.

அவளை அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டேன். இருவரும் தேறினோம். அவள் என்னைவிட மூன்று மதிப்பெண் அதிகம்.

நான் இப்போது இருப்பது ஜெர்மனியில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில். அலுவலகக் கூட்டங்களில் நைன் சொல்லத் தெரிந்துவிட்டது. அம்மா வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில், "இந்த வாரம் எனக்குக் கஷ்டமா இருந்தது" என்று கூச்சமில்லாமல் சொல்கிறாள். அக்கா ஊர்ப்பக்கம் போய்விட்டாள். கௌதள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ஜெர்மனிக்கு வேலைக்கு வர இருக்கிற நர்ஸ் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். முதல் வாரம் முழுக்க எழுத்துகளோ எண்களோ கிடையாதாம், மறுத்துப் பேசத்தான் பயிற்சியாம். பெரிய டாக்டர் தப்பான மருந்தைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடாது அல்லவா என்று கேட்டாள்.

போன வாரம் பேசும்போது, இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "அக்கா, அன்னைக்குத் தேர்வுல நீங்க எனக்காகப் பொய்தானே சொன்னீங்க? ஒத்துக்கங்க."

வகுப்பு நடுவில் போனை எடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"நைன்" என்றாள்.

உடனே அவளுக்குப் பின்னால் இருபது பெண் குரல்கள், பாடம் என்று நினைத்து, மண்டபமே அதிர ஒன்றாகச் சொல்லின: "நைன்!"